பால் பொய் சொல்லாது

எதிர்வீட்டை எட்டிப் பார்ப்பதற்கு அரசாங்கமே எனக்கு அட்டை போட்டுக் கொடுத்தது. சும்மா சொல்லவில்லை. என் புகைப்படம், முத்திரை, கீழே ‘அக்கம்பக்கச் சாட்சி, மூன்றாம் தளம்’ என்று அச்சு. இதே வேலையை அட்டை இல்லாமலே முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்தவள் நான். எங்கள் அடுக்ககத்தில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது வரை எனக்குத் தெரியும். மதுரையில் இதற்கு வம்பு என்று பேர். தத்துப் பிள்ளை கொடுக்கிற வாரியம் இதற்குச் ‘சமூகக் கண்காணிப்பு’ என்று பேர் வைத்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

விஷயம் என்னவென்றால், எதிர்வீட்டுக் கயற்கண்ணிக்குப் பிள்ளை கிடைத்திருந்தது. கிடைப்பது என்றால் லேசா? பிறப்பே அருகிப்போன காலம். ஒரு குழந்தைக்கு முந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். கயல் ஏழு வருஷம் நின்றாள். வயது நாற்பத்தொன்று. பல் வைத்தியர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவள், முன்னறையிலேயே பட்டறை. புருஷன் சௌந்தர் தூத்துக்குடியில் கடல்நீர் ஆலையில் வேலை. சனி ஞாயிறு மட்டும் தலை காட்டுவான்.

முன்பெல்லாம் அந்த வரிசை சிபாரிசில் நகர்ந்தது. ஊர் முழுக்கச் சத்தம் போட்டதும், சிபாரிசுக்கு மசியாத ஓர் அளவுகோலை வாரியம் கண்டுபிடித்தது. தாய்ப்பால். பிள்ளையை நாற்பது நாள் கையில் கொடுப்பார்கள். நாற்பதாம் நாள் தத்தெடுத்தவளின் மார்பில் ஒரு நாளைக்கு நானூறு மில்லி சுரக்க வேண்டும். சுரந்தால் பிள்ளை அவளுடையது. இல்லையென்றால் வரிசையில் அடுத்த ஆள். ‘பால் பொய் சொல்லாது’ என்று சுவரொட்டி கூட ஒட்டினார்கள். அதில் சிரிக்கிற பெண்ணுக்கு மார்புக் காம்பு ஒரு நாளாவது வெடித்திருக்குமா என்பது என் சந்தேகம்.

பிள்ளையைக் கொண்டுவந்தது வாரியத்து நர்ஸ், செலின் சிஸ்டர். குன்னூர்க்காரி, மதுரைக்கு வந்து ஆறு மாதம்தான். ஒன்பது நாள் பெண்குழந்தை, கை மொத்தமும் என் பெருவிரல் நீளம். கூடவே ஒரு தொட்டில். பால் குடிக்குமுன் ஒரு எடை, குடித்தபின் ஒரு எடை பார்த்து எத்தனை மில்லி உள்ளே போனது என்று அதுவே சொல்லிவிடும். அப்புறம் தோல் நிறத்தில், வெற்றிலை அளவில் ஒரு பட்டை.

“இது என்ன சிஸ்டர், பிளாஸ்திரியா?”

“பால்பட்டைக்கா. இது ஜோடி. ஒண்ணு கயல் மேடத்துக்கு, இன்னொண்ணு பெத்தவங்க நெஞ்சுல இருக்கும்.”

“பெத்தவளுக்கு எதுக்கு?”

“குழந்தை அழுதா, குழந்தைய நினைச்சா, தாயோட மூளை உடம்புக்கு ஒரு தந்தி அடிக்கும், பாலை இறக்குன்னு. அந்தப் பட்டை அதைப் படிக்கும். இந்தப் பட்டை அதே நொடியில இவங்க உடம்புல மருந்து விடும். நாற்பது நாள்ல இவங்க உடம்பு தானாப் பழகிடும்.”

“ஆக, அங்கிட்டு ஒருத்தி மார்ல கரண்டு எடுத்து இங்கிட்டு ஒருத்தி மார்ல பல்பு எரிய விடுறீங்க. ஏன், மெஷினே தந்தி அடிச்சா ஆகாதா?”

“அடிச்சுப் பாத்தாங்க. நாலே நாள்ல உடம்பு கண்டுபிடிச்சிருது. மெஷின் ஒழுங்கா, மணி பாத்து அடிக்கும். மனுஷங்க அடிக்கிறது கோணல்மாணலா வரும். அதைத்தான் உடம்பு நம்புது.”

“பெத்தவ யாரு?”

“அது தெரியாதுக்கா.”

தெரியாது என்று சொல்லும்போது தரையைப் பார்த்தாள். எனக்கு வேண்டிய பதில் அதிலேயே இருந்தது. இரண்டு வீட்டுக்கும் இவள் ஸ்கூட்டர்தான் போகிறது.

கயல் அன்று ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “பேரு நாற்பதாம் நாள்தான் சொல்வேன்.” மனசுக்குள் பேர் வைத்துவிட்டாள் என்று முகமே சொன்னது. எனக்குத் தூக்கம் போயிற்று.

முதல் பத்து நாள் மார்பில் ஒன்றும் இல்லை. கழுத்தில் ஒரு சின்னப் புட்டியைத் தொங்கவிட்டு, அதிலிருந்து நூல் கனத்தில் ஒரு குழாயைக் காம்பு வரை ஒட்டியிருந்தார்கள். பிள்ளை காம்பைச் சப்பும்; வாரியம் கொடுத்த பால் குழாய் வழியாக வரும். சப்பச் சப்ப மார்புக்கும் ஞாபகம் வரும் என்று சிஸ்டர் சொன்னாள். இல்லாத ஞாபகம் எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிறவள் இல்லை நான்.

பதினோராம் நாள் காலையில் “அக்கா! சொர்ணாக்கா!” என்று ஒரு கத்தல். ஓடினேன். கயல் ரவிக்கையைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். காம்பு நுனியில் மஞ்சளாக ஒரு சொட்டு நின்றது. விழவில்லை.

“தொடாதீங்கக்கா, விழுந்துரும்.”

“விழட்டும்டி. விழுறதுக்குத்தானே வந்திருக்கு.”

அதற்குப்பின் பால் ஏறியது. எண்பது, நூற்றைம்பது, இருநூற்று எழுபது. கழுத்துப் புட்டி போயிற்று. அப்போதுதான் கயல் ஒன்றைக் கவனித்தாள். பல்லின் சரிவைப் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு அளக்கிறவள் கண்ணில் எது தப்பும்?

“சிஸ்டர், தினம் மத்தியானம் மூணு நாற்பதுக்குப் பால் பீச்சிக்கிட்டு வருது. பாப்பா அப்ப தூங்குறா. ரவிக்கையெல்லாம் நனைஞ்சிருது. ஏன்?”

“சில பேருக்கு அப்படி வரும் மேடம்.”

எனக்கு நாக்கு ஒரு இடத்தில் நிற்குமா? “என்னத்த சில பேருக்கு? அங்கிட்டு அவ அழுகுறா. அதான் இங்கிட்டு வருது. தந்தின்னு நீங்கதானே சொன்னீங்க?”

சிஸ்டர் பையை மூடினாள். கயல் என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது சரியாகப் படிக்கவில்லை. மறுநாள் முதல் மூன்றரைக்கே பட்டறையை நிறுத்திவிட்டுப் பிள்ளையை எழுப்பி மடியில் வைத்துக்கொண்டாள். “யாரோ அழுதது வீணாப் போகக்கூடாதுக்கா” என்றாள்.

இனி நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடிப்பதற்குள். சாட்சி என்ற முறையில் தொட்டில் காட்டும் கணக்கு தினமும் எனக்குத் தெரியும். தெரிந்ததைப் படிக்கட்டில் இறங்குமுன் இரண்டாம் தளத்துக்கும், லிஃப்டில் ஏறுமுன் ஆறாம் தளத்துக்கும் சொல்லிவிடுவேன். பத்து நாளில் கயல் குப்பை போட வெளியே வந்தால்கூட, “இன்னிக்கு எவ்வளவு கயலு? முந்நூறைத் தாண்டிருச்சாமே?” என்று கேட்க ஆள் நின்றது. ஒருத்தி பால்சுறாப் புட்டு, ஒருத்தி பூண்டுக் குழம்பு, ஒருத்தி வெந்தயக் கஞ்சி. எல்லாம் பாசம்தான். ஆனாலும் ஒரு பொம்பிளையின் மார்பை மொத்த அடுக்ககமும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது.

இருபத்து நாலாம் நாள் முந்நூற்றுத் தொண்ணூறு. இருபத்தைந்தாம் நாள் முந்நூற்றுப் பத்து. அடுத்த நாள் இருநூற்று நாற்பது. அப்புறம் நூற்றைம்பது.

மூணு நாற்பது வந்தது. ஒன்றும் வரவில்லை. கயல் பிள்ளையை வைத்துக்கொண்டு நாலரை வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டது. சிஸ்டர் கயலின் பட்டையை மாற்றினாள். மறுநாள் பெற்றவள் வீட்டிலும் மாற்றினாளாம். மூன்று தடவை மாற்றியாயிற்று. பட்டை செய்கிறவர்கள் சோதித்துவிட்டு, கருவியில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“அப்ப கோளாறு எனக்குத்தானா?” என்றாள் கயல்.

அன்று மாலை மாடிப்படியில் இரண்டாம் தளத்துக்காரி “என்ன கயலு, நூத்தம்பதுக்கு இறங்கிருச்சாமே” என்று கேட்டிருக்கிறாள். நான் கஞ்சியோடு போனபோது கயல் வாசலிலேயே மறித்தாள்.

“அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?”

“கஞ்சிடி...”

“என் மாரை நோட்டீஸ் போர்டு ஆக்கிட்டீங்களே அக்கா. எவ்வளவு வருதுன்னு எங்கம்மாகூட என்கிட்ட கேக்கல, கூசுது அவங்களுக்கு. மளிகைக்கடைக்காரர் கேக்குறாரு! வாரம் ஒரு கையெழுத்துதானே? சனிக்கிழமை வாங்க. போட்டுட்டுப் போங்க. மத்த நாள் இந்தக் கதவைத் தட்டாதீங்க.”

கதவைச் சாத்தினாள். முப்பது வருஷத்தில் என் முகத்துக்கு நேரே சாத்திய கதவுகள் எத்தனையோ. ஒன்றும் உறைத்ததில்லை. இது உறைத்தது. கஞ்சி ஆறிப்போகும் வரை அங்கேயே நின்றேன்.

இருபத்தொன்பதாம் நாள் சிஸ்டர் என் வீட்டில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தாள். பை திறந்து கிடந்தது. திறந்த பையைப் பார்க்காதே என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெற்றவளிடமிருந்து கழற்றிவந்த பட்டை ஒன்று கண்ணாடிப் பையில் இருந்தது. அதன் ஓரத்தில் பழுப்பாக, நசுங்கிப்போய், ஒரு இதழ் ஒட்டியிருந்தது. பையைத் திறந்து மோந்து பார்த்தேன்.

மல்லிகை.

நான் பூ வைப்பதில்லை. ஒவ்வாமை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். மல்லிகைக்குப் பேர்போன ஊரில் பூ ஒத்துக்கொள்ளாத ஒரே பொம்பிளை என்று கிண்டல்கூட உண்டு.

“சிஸ்டர், அந்தப் பொண்ணு கொண்டைல பூ வைக்கிறாளா?”

“இல்லக்கா. முடிய கிராப்பு வெட்டியிருக்கு. எதுக்குக் கேக்குறீங்க?”

“பால் வத்துறதுக்கு மாத்திரை ஏதும் சாப்பிட்டாளான்னு கேட்டீங்களா?”

“ஒவ்வொரு தடவையும் கேட்டேன். இல்லைன்னுதான் சொல்றாங்க. ரத்தத்துலயும் இல்ல.”

“மாத்திரை கேட்டீங்க. பூ வச்சியான்னு கேட்டீங்களா?”

சிஸ்டர் விழித்தாள். குன்னூர்க்காரி பாவம். பட்டையைச் செய்தவர்களுக்கும் தெரியாது, வாரியத்துக்கும் தெரியாது. இந்த ஊரில் மார்பில் பால் நிற்கவேண்டும் என்றால் மல்லிகை மொட்டை நெருக்கமாகத் தொடுத்து மார்பின்மேல் வைத்துக் கட்டுவார்கள். பூ வாட வாட மாற்றுவார்கள். மூன்று நாள், நாலு நாள். நின்றுவிடும்.

“என்னைய அங்க கூட்டிட்டுப் போங்க.”

“வேலை போயிரும்க்கா!”

“கூட்டிட்டுப் போகலேன்னா நானே கண்டுபிடிச்சுருவேன். அப்ப மதுரை முழுக்கத் தெரிஞ்சிரும். எது வசதி?”

நான் மிரட்டியதை நினைத்து இன்றைக்கும் பெருமை இல்லை. ஆனால் சிஸ்டர் வண்டியை எடுத்தாள்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சந்து. ஓட்டு வீடு. உள்ளே நுழையும்போதே வாசம் முகத்தில் அடித்தது. தரையில் ஈரத்துணிமேல் மொட்டு குவித்திருந்தது. ஒரு அம்மா வாழைநாரில் தொடுத்துக்கொண்டிருந்தாள். கொண்டைக்குத் தொடுக்கிற மாதிரி இல்லை, பாய் முடைகிற மாதிரி. எங்களைப் பார்த்ததும் கை நின்றது; சிஸ்டர் சொல்லாமல் வந்தது இதுதான் முதல் தடவை, சொல்லி வரும் நாளில் பூவெல்லாம் ஒளிந்திருக்கும்.

“சிஸ்டர், யாரு இவுக?”

“எதிர்வீடு” என்றேன் நான். யாருக்கு என்று சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினாள்.

உள்ளறையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். பத்தொன்பது இருக்கும். ஒட்ட வெட்டிய தலை, ஓட்டக்காரியின் கால். பேர் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் பேர் கேட்காமல் திரும்பிய ஒரே வீடு அதுதான்.

அம்மாதான் பேசினாள், தாழ்ந்த குரலில், மூச்சு விடாமல். “போலீஸ் செலக்ஷன் வருதுக்கா. ஒன்பது நாள் இருக்கு. நானூறு மீட்டர் ஓடணும், அப்புறம் டாக்டரம்மா சட்டையக் கழட்டிப் பாப்பாக. ஓடுனா மாரு கல்லு மாதிரி வலிக்குது, பனியன் நனையுது. இவுக அப்பா இவ திருச்சில கோச்சிங்ல இருந்தான்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. ஒரே பிள்ளைக்கா. இவ ஓடணும்.”

இவளுக்கும் நானூறு, அவளுக்கும் நானூறு.

அந்தப் பெண் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “இது என் உடம்பு நல்லாயிருக்கான்னு பாக்குறதுக்குன்னுதானே சொன்னீங்க சிஸ்டர்?”

சிஸ்டர் பையில் எதையோ தேடினாள். காகிதத்தில் ‘நலக் கண்காணிப்பு’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். சொன்னால் சம்மதிக்க மாட்டார்கள் என்று வாரியத்துக்குப் பயம். நான்தான் சொன்னேன். தந்தியை, ஜோடிப் பட்டையை, நாற்பதாம் நாளை. பூவைக் கழற்று என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். அவள் கால்களைப் பார்த்தபின் முடியவில்லை.

“நான் அழுதா அங்க பால் வருமா?”

“வந்துச்சுத்தா. மூணு நாற்பதுக்கு.”

“அம்மா கடைக்குப் போற நேரம்” என்றாள். “வீட்ல ஆள் இருக்காது.” அப்புறம், “இப்பவும்தான் அழுகுறேன்.”

சிஸ்டருக்கு அப்போதுதான் கணக்கு விளங்கியது. “பூ நேரா பாலை நிறுத்தலக்கா. அந்த வாசம் மூளைக்குப் போய்த் தந்தி ஆபீஸையே மூடிருது. அதான் பட்டைக்குப் படிக்க ஒண்ணுமில்ல.”

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். “அது நல்லாக் குடிக்குதா?”

“வயிறு நிறையற வரைக்கும் குடிச்சுச்சு.”

அவள் சட்டைக்குள் கையை விட்டுப் பட்டையை உரித்தெடுத்தாள். “எனக்கு ஓடணும். பூவக் கழட்ட மாட்டேன். ஆனா இதை வேற யாராச்சும் ஒட்டிக்கிட்டா ஆகாதா?”

“விதில அப்படி இல்லம்மா.”

“ஆகாதுன்னு இருக்கா?”

சிஸ்டர் யோசித்தாள். “இல்ல... இது ஆளைப் பாக்காது, தந்தியத்தான் பாக்கும். பால்கூட இருக்கணும்னு அவசியமில்ல. ஒரு பிள்ளை பெத்திருக்கணும். பூப் பக்கமே போகாதவங்களா இருக்கணும்.”

“பூ வைக்காதவ மதுரைல எவ இருக்கா?” என்று அந்த அம்மா கேட்டாள்.

பாலத்தைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

“ஆறு நாள் இருந்துச்சு சிஸ்டர். ஆம்பிளைப் பிள்ளை. ஆஸ்பத்திரில இருந்து வெறுங்கையோட வந்தேன். நெஞ்சு கட்டிக்கிட்டுக் காய்ச்சல் வந்துருச்சு. எங்க நாத்தனா மூணு முழம் வாங்கிட்டு வந்து கட்டிவிட்டா. நாலாம் நாள் நின்னுருச்சு. முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. அந்த வாசம் வந்தா எனக்கு மூச்சு முட்டும். ஒவ்வாமைன்னு சொல்லிட்டேன், அது லேசா இருந்துச்சு.”

சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். ஊர்க்கதை எல்லாம் பேசுகிறவளிடம் இப்படி ஒரு கதை இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. யாரும் நினைத்ததில்லை. சொர்ணாக்காவுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்றுதான் அடுக்ககத்தில் பேச்சு. நானும் திருத்தியதில்லை.

“ஒட்டுங்க. தந்தி இருக்கா, ஆபீஸ இடிச்சுட்டாங்களான்னு பாத்துருவோம்.”

ஒட்டினோம். முப்பத்தோராம் நாள் நூற்று இருபது என்றாள் சிஸ்டர். முப்பத்திரண்டு, நூற்றுப் பத்து. பட்டை என் நெஞ்சில் சும்மா குளிர்ந்து கிடந்தது. தந்தி போகும்போது சுடும் என்றாள் சிஸ்டர். சுடவில்லை. எப்படிச் சுடும்? பிள்ளை அழுகை காதில் விழவேண்டுமே. கயல் கதவைச் சாத்தியல்லவா வைத்திருக்கிறாள்? போய்த் தட்டவும் முடியாது. விஷயத்தைச் சொன்னால் நாளைக்கு வாரியத்தில் அவளும் பொய் சொல்ல வேண்டிவரும்.

முப்பத்து மூன்றாம் நாள் காலை, எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். எதிர்வீட்டுக் கதவில் காதை வைத்தேன்.

உள்ளே கயல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தொட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் பிள்ளை அழுதது. பசி அழுகைதான், சாதாரணமானது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சில் பட்டை சுட்டது, ஆவி பறக்கிற தம்ளரை வைத்த மாதிரி. உள்ளே கயல் “ஐயோ” என்றாள், அப்புறம் “வருது, வருதுடி தங்கம்” என்றாள்.

அதிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு தடவை. இரண்டாம் தளத்துக்காரி பார்த்துவிட்டு, “என்னக்கா, உள்ள விடலேன்னு இப்பக் கதவோடயே ஒட்டிக்கிட்டீங்களா?” என்று சிரித்தாள். சிரித்துவிட்டுப் போனவள் ஏழு தளத்துக்கும் சொன்னாள். சொல்லட்டும். என் பாடம்தானே அவளுக்கு. குப்பை எடுக்கிற பெண் எனக்காக ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாள், கேலிக்கு. அதில் உட்கார்ந்துதான் காது கொடுத்தேன். இருநூறு. இருநூற்று அறுபது. முந்நூற்று முப்பது. சனிக்கிழமை கையெழுத்துப் போட உள்ளே போனபோது கயல் என் முகத்தைப் பார்க்கவில்லை. முப்பத்தொன்பதாம் நாள் முந்நூற்று எழுபத்தைந்து.

நாற்பதாம் நாள் காலை பத்து மணிக்கு வாரியத்து அம்மாள் வந்தாள். இஸ்திரி போட்ட பருத்திச் சேலை, கையில் தட்டுக் கணினி. இருபத்து நாலு மணி நேரக் கணக்கில் இதுவரை முந்நூற்று நாற்பத்தொன்று. கடைசி ஊட்டல் அவள் கண் முன்னால். ஐம்பத்தொன்பது வேண்டும்.

செலின் சிஸ்டர் சுவரோரம் நின்றாள். அவள் பதிவேட்டில் பெற்றவளின் பட்டை இன்னும் பெற்றவளிடமே இருந்தது. கயல் நீள இருக்கையில் உட்கார்ந்து பிள்ளையை எடுத்தாள். சாட்சி என்பதால் என்னை அவள் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள்.

பிள்ளை நாலு இழுப்பு இழுத்தது. விட்டது. கயலின் கழுத்தில் வியர்வை. மறுபடி வைத்தாள். தொட்டிலில் போட்டு எடை பார்த்தார்கள். பதினெட்டு.

“அவசரமில்ல, அந்தப் பக்கம் குடுங்க” என்ற வாரியத்து அம்மாள் என் பக்கம் திரும்பினாள். “சாட்சி, மூணு கேள்வி. தாயும் குழந்தையும் ஒட்டுதலா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அக்கம்பக்கத்துல தொந்தரவு உண்டா?”

“நான்தாங்க தொந்தரவு.”

அவள் சிரிக்கவில்லை. “உங்களுக்கும் இந்தக் குழந்தைக்கும் ஏதாவது உறவு உண்டா?”

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை காம்பை விட்டுவிட்டு அழுதது. கதவு நடுவில் இல்லை. ஒரு சாண் தூரத்தில் அழுதது. பட்டை சுட்ட சூட்டில் நான் நிமிர்ந்துவிட்டேன்; முந்தானை சரிந்தது. ரவிக்கை ஓரத்தில் தோல் நிறத்தில் ஒரு விளிம்பு எட்டிப் பார்ப்பது எனக்கே தெரிந்தது. கையைத் தூக்கினால் அவள் கவனிப்பாள். தூக்காவிட்டாலும் கவனிப்பாள். சிஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது.

“கேள்வி புரிஞ்சுதா? உறவு உண்டா?”

“ஒண்ணுமில்லீங்க” என்றேன். “எதிர்வீடு.”

ஒரு கை என் தோளுக்கு வந்தது. கயலின் கை. பிள்ளையை ஒரு கையில் அணைத்தபடி மறு கையால் என் முந்தானையை இழுத்து, தோளில் போட்டு, ஓரத்தை அழுத்திச் செருகினாள்.

“சேலை நழுவுறதுகூடத் தெரியாம உக்காந்திருக்கீங்க. பெரிய சாட்சி” என்றாள். அவள் ரவிக்கை நனைந்து வழிந்துகொண்டிருந்தது. பிள்ளை வாயை வைத்தது. முழுங்குகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

எடை பார்த்தார்கள். நாற்பத்தேழு. பதினெட்டோடு அறுபத்தைந்து.

வாரியத்து அம்மாள் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு விரல் ரேகை வாங்கிக்கொண்டாள். பால் பொய் சொல்லவில்லை. சுற்றி நின்ற நாங்கள்தான் சொன்னோம்.

வாரியத்து அம்மாள் லிஃப்டில் இறங்கிப் போனாள். சிஸ்டர் மெல்ல, “அந்தப் பொண்ணு முந்தாநாள் செலக்ஷன்ல ஓடிட்டாங்க. பாஸ்” என்றாள். கயல் தலையை ஆட்டினாள். யார் என்று கேட்கவில்லை.

“மூணு நாற்பதுக்கு வர்றது நின்னுபோச்சுக்கா” என்றாள் என்னிடம், பிள்ளையின் வாயைத் துடைத்தபடி. “ஒரு வாரமா, வாசல்ல முக்காலி இழுபடுற சத்தம் கேட்டப்புறம்தான் வருது. தினம் குறிச்சு வச்சேன். எனக்கு அளக்கத்தானே தெரியும்.”

“கேக்கலையேடி நீ.”

“கேட்டா நீங்க சொல்லிருவீங்க. உங்க வாய் அப்படி.”

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் பிள்ளையை என் மடியில் வைத்தாள். குனிந்து அதன் பேரை என் காதில் சொன்னாள். சௌந்தருக்கே அதுவரை சொல்லவில்லையாம்.

நான் வெளியே வந்தபோது படிக்கட்டில் இரண்டாம் தளம், நாலாம் தளம், ஆறாம் தளம் எல்லாம் நின்றுகொண்டிருந்தன.

“என்னக்கா ஆச்சு? எவ்வளவு? பேரு என்ன வச்சிருக்கா? உங்ககிட்டச் சொல்லாமலா இருப்பா?”

“எனக்கென்னடி தெரியும்” என்றேன். “நான் எதிர்வீடு.”

முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.